நாடி இல்லாத கையும் நாடி ஜோசியரும்

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் ஒரு பெண்ணுக்கு இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, எலும்புத் தேய்வு என்று வரிசையாய் வியாதிகள் வந்துவிட்டால், உடனே ஊரார் சொல்லுவது "முன்ஜென்ம வினை" என்பதுதான். ஒரு வியாதி என்றால் கிரகம். நான்கு வியாதி என்றால் கர்மம். இந்தக் கணக்கை எந்த மகரிஷி போட்டுக் கொடுத்தாரோ!

தோழர்களே! தகாயாசு வியாதி என்று ஒன்று இருக்கின்றது. 1908ல் தகாயாசு என்ற ஜப்பானியக் கண் வைத்தியர், ஒரு பெண்ணின் கண்ணுக்குள் இரத்தக் குழாய்கள் விபரீதமாய்ப் பின்னிக் கிடப்பதைக் கண்டு வெளியிட்டார். உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே, இருதயத்திலிருந்து புறப்படும் பெரிய குழாயையும் அதன் கிளைகளையும் தாக்கி, வீங்கச் செய்து, அடைத்துவிடுகின்றது. கையில் நாடியே கிடைக்காமல் போகும். பெரும்பாலும் வாலிபப் பெண்களுக்கே வருவது இது. காவலுக்கு வைத்த ஆளே வீட்டைக் கொளுத்துகிறான் என்றால், அவனை வைத்த எஜமானனின் யோக்கியதை என்ன? சர்வ வல்லமையுள்ளவர் என்கிறார்களே, அவரைத்தான் கேட்கின்றேன்.

மற்ற வியாதிகள் எப்படி வந்தன? சிறுநீரகத்துக்குப் போகும் குழாய் சுருங்கினால் கொதிப்பு ஏறும். வீக்கத்தை அடக்கக் கொடுக்கும் ஸ்டிராய்டு மாத்திரை சர்க்கரையை ஏற்றும். எலும்பை இளைக்கச் செய்யும். மறைந்து கிடக்கும் க்ஷயத்தைக் கிளப்பவும் கூடும். இதில் சனீசுவரனுக்கு என்ன வேலை?

நாடி ஜோசியர் பெண்களிடம் இடது கட்டைவிரல் ரேகையை வாங்கி ஓலை தேடுகிறார். இந்த வியாதியில் அதிகமாய் அடைபடுவதும் இடக்கைக் குழாய்தான். ஓலையில் மூன்று ஜென்மத்து விவகாரம் இருக்கின்றது. பிடித்திருக்கும் கையில் நாடி ஓடவில்லை என்பது மட்டும் இல்லை!

பணம் போவதுகூடப் போகட்டும். "மாத்திரையை நிறுத்து, மேல்மலையனூரில் மூன்று அமாவாசை படு" என்கிறார்களே, அதுதான் கொலை. பல மாதம் ஸ்டிராய்டு தின்ற உடம்பு, அந்தச் சத்தைத் தானாய்ச் சுரப்பதை மறந்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் மயங்கி விழுந்து உயிரே போகலாம். செத்தால் விதி, பிழைத்தால் அம்மன்! நஷ்டமே இல்லாத வியாபாரம்.

2021 முதல் அரசாங்கத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள். நல்லதே. ஆனால் அடைபட்ட கையில் பட்டையைச் சுற்றினால் கொதிப்பைக் குறைவாய்க் காட்டி ஏமாற்றும். ஆதலால் வாலிபப் பெண்ணுக்குக் கொதிப்பு என்றால், இரண்டு கையிலும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் முண்டியம்பாக்கம் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ அழைத்துப் போங்கள். முண்டியம்பாக்கம் மேல்மலையனூரைவிடக் கிட்டத்தில்தான் இருக்கின்றது. அங்கே உண்டியலும் கிடையாது.