மூக்கை அளந்தவர்களும் பாடத்தை வெட்டியவர்களும்



"பாண்டிக்குப் படிப்பு ஏறாது, சுமை தூக்கத்தான் வரும். அது இரத்தத்திலேயே உள்ளது!" அம்பூரியிலும் பாறசாலையிலும் இந்தப் பேச்சைக் கேட்காத தமிழ்த் தொழிலாளி உண்டா? ரப்பர்த் தோட்டத்திலும் கல் குவாரியிலும் கேட்கிறோம். அதைவிடக் கொடுமை, நம் வீடுகளிலேயே சிலர் அதைத் தலையெழுத்து என்று நம்புவதுதான்.

இந்தப் பேச்சுக்கு விஞ்ஞானச் சட்டை தைத்துக் கொடுத்தவர்கள் உண்டு. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ரிஸ்லி துரை, மூக்கு அகலமாக அகலமாகச் சாதி தாழ்ந்துகொண்டே போகும் என்று விதி எழுதினார். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவர் தர்ஸ்டன் கையில் அளவுகோலோடு தென்னாடு முழுவதும் அலைந்தார். நம் மலைக் காணி மக்களையும் அவர் விடவில்லை. 1909இல் ஏழு தொகுதிகளாக அந்த அளவுகள் அச்சேறின.

பார்சல் ஆபீசில் மூட்டையை நிறுத்துச் சீட்டு ஒட்டுகிறோம். தராசு எடையைச் சொல்லும். உள்ளே இருப்பது அரிசியா உமியா என்று சொல்லுமா? மனிதனின் மூக்கை அளந்து அவன் தகுதியைச் சொன்னவர்களை என்னவென்பது?

அந்தப் பாதை எங்கே கொண்டுபோய் விட்டது? 1933இல் ஹிட்லரின் ஜெர்மனி, பரம்பரைக் குறை உள்ளவர்கள் பிள்ளை பெறக் கூடாது என்று சட்டம் போட்டது. ஏறத்தாழ 4 லட்சம் பேருக்குக் கட்டாயக் கருத்தடை செய்தார்கள். அதற்கும் விஞ்ஞானத்தின் பெயரைத்தான் சொன்னார்கள்!

இன்றைய மரபணு ஆய்வு சொல்வதென்ன? உலகத்து மனிதர்கள் அனைவருக்கும் மூதாதையர் ஆப்பிரிக்காவில் வாழ்ந்தவர்கள். ஐதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையமும் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்திய மக்கள் பரவலாகக் கலந்திருக்கிறார்கள். அகமண வேலி அதற்குப் பிறகு இறுகியது. அப்படியானால் 'சுத்த இரத்தம்' எங்கே? மனிதன் போட்ட வேலியை ஆண்டவன் போட்டதென்று நம்மிடம் சொன்னவர்கள் யார்?

இந்த உண்மையை நம் பிள்ளைகள் எங்கே கற்பார்கள்? பள்ளிக்கூடத்தில்தான். அங்கேதான் கத்தி வைத்தார்கள்! 2018இல் மத்திய இணை அமைச்சர் ஒருவரே டார்வின் கொள்கை தவறு என்று பேசினார். 2023இல் மத்தியப் பாடத்திட்டப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் 'பாரம்பரியமும் பரிணாமமும்' என்ற பாடம் வெறும் 'பாரம்பரியம்' என்று சுருங்கியது. 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டுக் கண்டித்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறதே என்று பதில் வந்தது. பத்தோடு படிப்பை விட்டு வேலைக்குப் போகிறவன் பிள்ளை யார் பிள்ளை? டாக்டர் வீட்டுப் பிள்ளையா, கூலிக்காரன் பிள்ளையா? பாரம்பரியத்தை வைத்துப் பரிணாமத்தை எடுத்தால், "அப்பன் தொழில் மகனுக்கு" என்பவனுக்குத்தானே வசதி?

ஒன்றை மறக்க வேண்டாம். நம் உரிமை ஆய்வுக்கூடத்தின் தயவில் வந்ததல்ல. நெய்யாற்றங்கரைக்குப் பக்கத்தில் அருவிப்புறத்தில் 1888இல் நாராயண குரு சிவனைப் பிரதிஷ்டை செய்தபோது யாருடைய மூக்கையும் அளக்கவில்லை. யாருடைய இரத்தத்தையும் சோதிக்கவில்லை. நாளைக்கு எந்த ஆய்வு எதைச் சொன்னாலும் சம கூலியும் சமப் படிப்பும் நம் உரிமையே. விஞ்ஞானம் நமக்குத் துணை, எஜமானன் அல்ல.

கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் மாநிலப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பில் பரிணாமப் பாடம் இருக்கிறது. அது நடத்தப்படுகிறதா, தேர்வுக்கு வராது என்று தள்ளப்படுகிறதா? பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துக்கு ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும் என்று போய்க் கேளுங்கள். மலையிலோ லயத்திலோ ஆராய்ச்சிக்கு இரத்தம் கேட்டு வருகிறவர்களிடமும் கேளுங்கள்: எதற்கு எடுக்கிறீர்கள்? முடிவை எங்கள் மொழியில் எப்போது சொல்வீர்கள்? விளக்கம் வராமல் கைநாட்டு வைக்காதீர்கள்.

பிள்ளைகளைப் பத்தோடு நிறுத்தாதீர்கள்! பிறப்பில் எவனும் கூலியல்ல!