புழக்கடையிலே ஒரு புதைகுழி!

வீடு கட்டுகிறோம், தோழர்களே! வாசற்காலுக்குத் தேக்கா வேங்கையா என்று வாரக்கணக்கில் வாதாடுகிறோம். கூடத்துக்குக் கல் தேடிக் கடை கடையாக ஏறி இறங்குகிறோம். சுவருக்கு என்ன வண்ணம் என்பதற்குக் குடும்பமே கூடி மாநாடு நடத்துகிறது! ஆனால், அவ்வீட்டில் தவழும் குழந்தை முதல் தள்ளாடும் கிழவர் வரை நாள்தோறும் நம்பியிருக்கும் ஒன்றை மட்டும் கொத்தனாரின் போக்குக்கு விட்டுவிடுகிறோம். புழக்கடையிலே, மண்ணுக்கடியிலே, மறைந்து கிடக்கிறது அது. செப்டிக் டேங்க் என்பது அதன் பெயர்.

இதுவா ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரைக்கு ஏற்ற பொருள், அரசியல் எங்கே இதில் என்று முகம் சுளிப்போர் இருக்கக்கூடும். எவருடைய கழிவை எவர் அள்ளுவது என்ற கேள்வியைவிட அரசியல் வேறெது, நண்பர்களே? மேடையிலே சமத்துவம் முழங்கிவிட்டு வீடு திரும்புகிறோம். புழக்கடையிலே, நம் குழிக்குள்ளே, ஒரு மனிதன் இடுப்பளவு சேற்றில் நிற்கிறான் என்றால், அந்த முழக்கத்துக்கு என்ன பொருள்?

பாதாளச் சாக்கடை எட்டாத புறநகர்களும் பேரூர்களும் சிற்றூர்களும் நிறைந்தது நம் சேலம் - நாமக்கல் சமவெளி. அங்கெல்லாம் தொட்டிதான் துணை. எளிய பொருள்தான் அது. பிரான்சு நாட்டில் மூரா என்பவர் 1881-இல் காப்புரிமை பெற்ற தொட்டியும், இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரில் கேமரூன் 1890-களில் அமைத்த தொட்டியும் இதன் முன்னோர்கள். கனமானது அடியில் படிகிறது. எண்ணெய்ப் பசை மேலே ஆடையாக மிதக்கிறது. நடுவிலே நிற்கும் நீர் வெளியேறி, உறிஞ்சுகுழி வழியாக மண்ணுக்குள் இறங்குகிறது. அடியில் படிந்ததைக் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் செரிக்கின்றன. செரித்தது போக மிச்சம் நிற்கிறதல்லவா சேறு, அது ஆண்டுக்காண்டு உயர்கிறது. உயர்ந்து உயர்ந்து வாயிலை எட்டினால், சேறே வெளியேறி உறிஞ்சுகுழியை அடைக்கும்; பிறகு குளியலறையிலே கழிவு எதிர்த்து வரும்! ஆகவேதான் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுத்தாக வேண்டும். ஐந்து பேர் கொண்ட வீட்டுக்கு இந்தியத் தர நிர்ணயம் கூறும் அளவு என்ன தெரியுமோ? நீளம் 1.5 மீட்டர், அகலம் 0.75 மீட்டர், நீரின் ஆழம் 1 மீட்டர். அதுவும் இரண்டாண்டுக்கு ஒருமுறை சேறு எடுப்பதாக வைத்துக்கொண்டு!

நாம் செய்வதென்ன? "பெரிதாகத் தோண்டு, பத்தாண்டுக்குக் கவலையில்லை" என்கிறோம். அடித்தளமே இல்லாத குழிக்கு உறை இறக்கிவிட்டு, அதையும் செப்டிக் டேங்க் என்றே அழைக்கிறோம். மேலே சிமெண்டுப் பலகை, அதன்மேல் ஓடு, அதன்மேல் கார்! மூடி எங்கே என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. பத்தாண்டு கழிந்தபின் அடியில் கிடப்பது சேறல்ல, கல்லாய் இறுகிய கட்டி. குழாய் வைத்தால் ஏறாது. அப்போதுதான் வருகிறது அந்தக் கொடுமையான சொல்: "ஆளை இறக்கு!"

இறங்குகிற ஆள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எந்தத் தெருவிலிருந்து அவரை அழைத்து வருகிறோம் என்பது இந்தச் சமவெளியில் எல்லோருக்கும் தெரியும். உள்ளே காத்திருப்பதையும் கேளுங்கள். சேற்றைக் கிளறிய மாத்திரத்தில் கிளம்புகிறது ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றம் அதற்கு. ஆனால் செறிவு மிகும்போது மோப்ப உணர்வையே அது கொன்றுவிடும். நாற்றம் போய்விட்டது என்று எண்ணும் நொடியிலே மயக்கம் வருகிறது. அவரை மீட்க இன்னொருவர் இறங்குகிறார், அவரும் எழுவதில்லை. நாடகம் எழுதுகிறவன் நான். இப்படியொரு காட்சி எழுதினால் மிகை என்பார்கள். செய்தித்தாளிலோ இது மீண்டும் மீண்டும் வருகிறது, நான்கு வரியில்!

சட்டம் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம், தக்க காப்பின்றி எவரையும் கழிவுத் தொட்டியில் இறக்கக்கூடாதென்கிறது. மாநகராட்சிக்கு மட்டுமல்ல, உமக்கும் எனக்கும் பொருந்தும் தடை அது. முதற் குற்றத்துக்கே இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014-இல் கூறிய உச்சநீதிமன்றம், 2023 அக்டோபரில் அதனை 30 லட்சமாக உயர்த்தியது. "அவராகத்தான் இறங்கினார், நான் சொல்லவில்லை" என்று கைகழுவிக்கொள்ள எண்ணும் வீட்டுக்காரர், கூலி பேசியது யார் என்பதை நினைத்துப் பார்க்கட்டும்.

அப்படியானால் வழி? லாரிக்குக் கூடு கட்டுவதிலே இந்தியாவெங்கும் பெயர் பெற்றது நாமக்கல். மனிதன் இறங்காமல் சேற்றை உறிஞ்சும் ஊர்தி நமக்கு எட்டாக் கனியல்ல! அழைக்கும்போது கேளுங்கள்: உள்ளாட்சி தந்த உரிமம் உண்டா? குழாய் எவ்வளவு நீளம்? கையுறை, காலணி அணிந்த ஆட்கள் வருவார்களா? எங்கே கொண்டுபோய் இறக்குவீர்? கடைசிக் கேள்விக்குத் தடுமாறினால், கூலி எவ்வளவு குறைவாயினும் அந்த வண்டி வேண்டாம். 14420 என்ற உதவி எண்ணும் இதற்கென்றே இருக்கிறது.

கடைக்காரர் தரும் நுண்ணுயிர்ப் பொடியை நம்பிச் சேறு எடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். கழிப்பறையிலே அமிலத்தைக் குடம் குடமாக ஊற்றினால், செரிக்கும் உயிர்களே செத்துப்போகும். துணியும் நாப்கினும் உள்ளே போகக்கூடாது. மூடி திறக்க வசதியாக இருக்கட்டும். திறக்கும்போது தீக்குச்சியோ பீடியோ அருகில் வேண்டாம், தலையை உள்ளே நீட்டவும் வேண்டாம்.

நம் நிலமோ பாறை நிலம். பாறையின் வெடிப்புகளில்தான் நீர் ஓடுகிறது. அதே வெடிப்பு வழியே கழிவும் ஓடக்கூடும். உறிஞ்சுகுழிக்கும் குடிநீர் ஆதாரத்துக்கும் 18 மீட்டராவது இடைவெளி வேண்டும் என்கிறது தர விதி. திருச்செங்கோட்டு ரிக் வண்டியை அழைத்து ஆயிரம் அடி துளைக்கிறோம், பத்தடி தள்ளி உறிஞ்சுகுழியைத் தோண்டுகிறோம்! இனி, இரவிலே ஊருக்கு வெளியே வாய்க்காலிலும் ஏரியிலும் இறக்கிவிட்டுப் போகும் லாரியால் நேர்வதென்ன? திருமணிமுத்தாற்றிலே கொட்டியது காவிரி நோக்கித்தான் போகும். போகும் வழியிலே இருப்பதும் நம் தோழர்களின் வயல்தான், நம் தோழர்களின் கிணறுதான்.

மன்றங்களிலே உறுப்பினராக வீற்றிருக்கும் தோழர்களுக்குத் தனியே ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்திலே எழுந்து கேளுங்கள்: நம் ஊரில் உரிமம் பெற்ற கழிவு ஊர்திகள் எத்தனை? சென்ற மாதம் அவை எத்தனை நடை சுத்திகரிப்பு நிலையத்தில் வந்து இறக்கின? அதற்கான பதிவேடு எங்கே? பதிவேடு இல்லை என்று பதில் வருமானால், கூட்டம் முடிந்ததும் ஏரிக்கரைக்குப் போங்கள். லாரி எத்தனை மணிக்கு வருகிறது என்பதை அங்குள்ளவர்கள் சொல்வார்கள்.