விவாகரத்துக்கு எத்தனை வாய்தா?

இருவரும் மனமொத்துப் பிரியும்போது விவாகரத்துக்கு ஆகும் காலத்தைச் சட்டமே சொல்லிவிடுகிறது. இந்துத் திருமணச் சட்டத்தில் 1976இல் சேர்க்கப்பட்ட 13-பி பிரிவின்படி, ஓராண்டாகப் பிரிந்து வாழும் தம்பதி கூட்டாக மனு போடலாம். ஆறு மாதம் கழித்து, 18 மாதத்துக்குள் மறுபடி நீதிபதி முன் நின்று தங்கள் முடிவை உறுதிசெய்ய வேண்டும். அந்த ஆறு மாதக் காத்திருப்பு கட்டாயமல்ல என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நெடுநாள் பிரிந்திருந்து, ஜீவனாம்சமும் பிள்ளைகளின் பொறுப்பும் பேசி முடிந்திருந்தால் நீதிமன்றம் அதைத் தளர்த்தலாம். ஆனால் தீர்ப்பு வரும்வரை இருவரில் யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அப்படிப் பெற்றால் அந்த மனு அதோடு நின்றுவிடும். கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டமோ இரண்டாண்டுப் பிரிவைக் கேட்கிறது.

ஒருவர் மறுத்தால் கதை வேறு. முதல் தடை சம்மன். எதிர்த்தரப்பு வீடு மாறியிருந்தாலும் வெளிநாட்டில் இருந்தாலும், ‘கதவு பூட்டியிருந்தது’ என்ற குறிப்போடு அது திரும்பி வரும். மறுபடி முகவரி, மறுபடி சம்மன், அதற்கொரு வாய்தா. ஒருவழியாக ஆள் ஆஜரானால் வழக்கு ஆலோசகரிடமும் சமரச மையத்துக்கும் போகும். எதிருரை தாக்கலாகவே மாதங்கள் ஓடும். வராமலே இருந்தால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு கிடைக்கும். பிறகு அவர் வந்து அதை ரத்து செய்யக் கேட்டால் எல்லாம் முதலிலிருந்து. வழக்கை வேறு ஊருக்கு, வேறு மாநிலத்துக்கு மாற்றச் சொல்லும் மனுக்களும் உண்டு.

இவற்றில் அதிகம் வதைப்பது இடைக்கால ஜீவனாம்ச மனு. நோட்டீஸ் சார்பு செய்யப்பட்ட நாளிலிருந்து 60 நாளில் அதை முடிக்க முயல வேண்டும் என்கிறது இந்துத் திருமணச் சட்டத்தின் 24ஆம் பிரிவு. இருந்தும், சம்பளத்தை மறைப்பதும் வேலையை விட்டுவிட்டதாகச் சொல்வதும் அதைத் தனி வழக்காகவே வளர்த்துவிடுகின்றன. இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது இதனால்தான். வருமானமில்லாத பெண் ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் கட்டணம் கொடுத்து, கைக்குழந்தையோடு வந்து காத்திருந்து திரும்புகிறாள். தாமதம் யாருக்குச் சாதகம் என்பதில் ஐயமே இல்லை. இந்த மனுவைத் தீர்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும். காரணமின்றி வாய்தா கேட்பவர் மறுதரப்பின் செலவை ஏற்க வேண்டும்.

விவாகரத்து மனுவை நாள்தோறும் விசாரித்து, நோட்டீஸ் சேர்ந்த ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று 21-பி பிரிவு சொல்கிறது. நடைமுறையிலோ சாட்சி விசாரணையும் குறுக்கு விசாரணையும் ஆண்டுக்கணக்கில் நீள்கின்றன. இனி ஒட்டவே முடியாத திருமணம் என்பதை மட்டும் காரணமாக வைத்துக் குடும்பநல நீதிமன்றம் தீர்ப்பளிக்க முடியாது. அரசியல் சாசனத்தின் 142ஆவது பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் உண்டு என்பதை 2023இல் அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்தது. ஆனால் அதற்காக நேரே டெல்லிக்கு ஓட முடியாது என்பதையும் அதே தீர்ப்பு சொல்லிவிட்டது.

தீர்ப்பு வந்த மறுநாளே மறுமணமும் ஆகாது. மேல்முறையீட்டுக்கான காலம் கழிய வேண்டும். மேல்முறையீடு தாக்கலாகிவிட்டால் அது தள்ளுபடியாகும்வரை பொறுக்க வேண்டும். அதையும் மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்பது அதே 21-பி பிரிவில் இருக்கிறது.