உம்மாட போன் யார்ட கையில?

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். வாசிக்க முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் வாசித்துக் காட்டுங்கள். இது அவர்களுக்காகத்தான்.

நான் ஐசிடி பாடம் படிப்பிப்பதால், பெற்றோர் கூட்டத்துக்கு வருகிறவர்கள், கல்யாண வீட்டில் சந்திக்கிறவர்கள், கிண்ணியா பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் இருப்பவர்கள் என்று எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "டீச்சர், போன் பாதுகாப்புக்கு நல்ல அப் ஒண்டு சொல்லுங்க." எந்த அன்டிவைரஸ் நல்லது, எந்த வீபிஎன் நல்லது, பிள்ளைகளைக் கவனிக்க எந்த அப் போடலாம். என் பதில் பெரும்பாலானவர்களுக்குப் பிடிப்பதில்லை. புதிதாக ஒன்றும் போட வேண்டாம், ஏற்கெனவே போட்டதில் பாதியைக் கழற்றுங்கள் என்று சொல்வேன். ஏன் என்று பஸ்ஸில் நின்றுகொண்டு விளக்க முடியாது.

முதலில் வீபிஎன். இது எங்கள் வீடுகளுக்குள் எப்படி வந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பக்கம் எங்கள் ஆட்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிகளும் எரிந்த கிழமை, அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் தடுத்தது. 2019இல் ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அந்த மாத முடிவு வரை தடை. மே மாதம் வடமேல் மாகாணத்தில் எங்கள் ஆட்களைத் தாக்கியபோது மறுபடியும் தடை. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, பெற்றோல், கேஸ் வரிசைக் காலத்தில், அரை நாளுக்கு மேல் ஒரு தடை. கட்டாரில் இருக்கும் மாப்பிள்ளை உயிரோடிருக்கும் குடும்பத்தின் குரலைக் கேட்கத் துடிக்கிறார், இங்கே வட்ஸ்அப் வேலை செய்யவில்லை. அந்த நேரம் யாரோ ஒரு தம்பி வந்து இலவச வீபிஎன் ஒன்றைப் போட்டுத் தந்தார். அன்றைக்கு அது தேவைதான், நான் குறை சொல்ல மாட்டேன். தடை போய் எத்தனை வருஷம்? அந்த அப் இன்னும் போனில் இருக்கிறது. "பாதுகாப்புக்கு இருக்கட்டும்" என்கிறார்கள்.

வீபிஎன் உண்மையில் செய்வது இதுதான். நாங்கள் எந்த எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது சாதாரணமாக எங்கள் போன் கம்பனிக்குத் தெரியும். வீபிஎன் போட்டால் கம்பனிக்குத் தெரியாது, வீபிஎன் நடத்துகிறவருக்குத் தெரியும். தபால்காரர் பார்க்கக் கூடாது என்று கடிதக் கட்டை முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுத்து அனுப்புவது மாதிரி. கடித உறை ஒட்டித்தான் இருக்கும், வட்ஸ்அப் செய்தியை அவரால் வாசிக்க முடியாது. ஆனால் யாருக்கு எழுதுகிறோம், எத்தனை மணிக்கு எழுதுகிறோம் என்பது அவர் கையில். மாதக் காசு வாங்கி நாணயமாக நடத்துகிற கம்பனிகளும் இருக்கின்றன. ஆனால் காசே வாங்காமல் எங்கள் பாரத்தைச் சுமக்கிறவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது?

சும்மா சந்தேகத்தில் சொல்லவில்லை. ஒனாவோ என்று ஒரு வீபிஎன் இருந்தது. பெயரிலேயே "பாதுகாப்பு" என்று போட்டிருந்தார்கள். 2013இல் பேஸ்புக் அதை விலைக்கு வாங்கி, போட்டவர்கள் எந்த அப்பை எவ்வளவு நேரம் பாவிக்கிறார்கள் என்று சேகரித்துத் தன் வியாபாரத்துக்கு எடுத்துக்கொண்டது. 2018இல் ஆப்பிள் கேள்வி எழுப்பி அதைக் கழற்ற வைத்தது. 2023இல் அவுஸ்திரேலிய நீதிமன்றம் இதே விஷயத்துக்காக மெட்டாவின் இரண்டு கம்பனிகளுக்கு 20 மில்லியன் அவுஸ்திரேலிய டொலர் தண்டப்பணம் விதித்தது. ஹோலா என்ற இன்னொரு இலவச வீபிஎன், பாவிப்பவர்களின் இணைய இணைப்பையே வேறு ஆட்களுக்கு விற்றது 2015இல் வெளியே வந்தது. அதாவது யாரோ ஒருவன் செய்கிற வேலை உங்கள் வீட்டு இணைப்பிலிருந்து செய்த மாதிரிப் பதிவாகும். 2019ஐக் கடந்து வந்த எங்களுக்கு அது என்ன ஆபத்து என்று நான் விளக்கத் தேவையில்லை.

அன்டிவைரஸும் அப்படித்தான். அவாஸ்ட் பெரிய பெயர். அதைப் போட்டவர்கள் இணையத்தில் எங்கெங்கே போனார்கள் என்ற விபரத்தை விற்றதற்காக, 2024 பெப்ரவரியில் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு 16.5 மில்லியன் டொலர் கட்டச் சொன்னது. ஆன்ட்ரொயிட் போனில் கூகுளின் சொந்தச் சோதனை இருக்கிறது, விண்டோஸ் கொம்பியூட்டரில் டிபெண்டர் இருக்கிறது. வீட்டுப் பாவனைக்கு இது போதும். பிளே ஸ்டோருக்கு வெளியே, வட்ஸ்அப்பில் வருகிற அப் கோப்புகளைத் தொடாமல் இருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களில் பலர் வீபிஎன்னை ஒரு கவசம் என்று நினைக்கிறார்கள். ரம்ஸி ராசீக்கை நினைத்துப் பாருங்கள். ஓய்வுபெற்ற அரச ஊழியர். பேஸ்புக்கில் தன் சொந்தப் பெயரில் எழுதினார். ஒரு பதிவுக்காக 2020 ஏப்ரலில் கைது செய்து ஐந்து மாதத்துக்கு மேல் அடைத்து வைத்தார்கள். அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது. அவருக்கு எந்த அப்பும் உதவியிருக்காது. அவருக்கு வேண்டியிருந்தது நீதி. யாரிடமிருந்து பாதுகாப்பு என்று முதலில் தெரிந்தால்தான் என்ன கருவி என்று தெரிவு செய்யலாம்.

அப்படியென்றால் எங்கள் வீட்டுக்கு ஆபத்து யாரிடமிருந்து வருகிறது? நான் பார்த்தவரை, பெரும்பாலும் ரஷ்யாவிலிருக்கும் ஹேக்கரிடமிருந்து அல்ல.

எங்கள் பக்கத்து உம்மாமாரின் போனைப் பாருங்கள். சிம் யாருடைய அடையாள அட்டையில் எடுத்தது? மச்சானுடைய கூட்டாளி. ஜீமெயில் யார் திறந்தது? கொமினிகேஷன் கடையில் போன் வாங்கிய அன்றே கடைத் தம்பி திறந்து கொடுத்தார். பாஸ்வேர்ட்? அவருக்குத்தான் தெரியும், அல்லது அவருக்கும் மறந்துவிட்டது. ஸ்கிரீன் லொக் இல்லை, "புள்ளைக்கு கார்ட்டூன் பாக்க லேசு". அந்தப் போனில்தான் வெளிநாட்டுக் காசு வந்த மெசேஜ், வங்கியின் ஓடீபீ, அடையாள அட்டையின் போட்டோ, மகளின் கல்யாணப் படங்கள், பாடசாலைக் குரூப் எல்லாம்.

என் மாணவி ஒருத்தியின் உம்மாவுக்கு நடந்தது இது. பஸ் நிலையத்தில் போன் களவு போனது. அதே நம்பரில் சிம் எடுக்கப் போனால், பெயருக்குரியவர் வர வேண்டும் என்றார்கள். அவர் குவைத்தில். கிழமைக்கணக்கில் அலைந்தார். அதற்கிடையில் அவருடைய வட்ஸ்அப்பிலிருந்து சவூதியில் இருக்கும் தங்கச்சிக்கு "அவசரமா காசு வேணும்" என்று மெசேஜ் போயிருக்கிறது. தங்கச்சி அனுப்பிவிட்டார். கம்பனியைக் குறை சொல்ல மாட்டேன், பெயர் பார்க்காமல் சிம் கொடுத்தால் அது இதைவிடப் பெரிய ஆபத்து. அந்த நம்பர் அவருடையதாக ஒருநாளும் இருந்ததில்லை, அதுதான் விஷயம்.

ஆகவே காசு செலவழித்து ஒன்றும் வாங்காமல், முதலில் சிம்மை உம்மாவின் பெயருக்கு மாற்றுங்கள். பெயருக்குரியவர் ஊரில் நிற்கும்போதே இரண்டு பேரும் அடையாள அட்டையோடு கம்பனிக் கிளைக்குப் போனால் வேலை முடியும். ஸ்கிரீன் லொக் போடுங்கள். கடைத் தம்பி திறந்த ஜீமெயிலில் பாஸ்வேர்டை மாற்றி, மீட்பு நம்பராக யாருடையது இருக்கிறது என்று பாருங்கள். கடைத் தம்பி கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஊரில் பாதிப் பேரின் வீட்டுச் சாவி ஒரே கடையில் தொங்குவது யாருக்கும் நல்லதில்லை, அவருக்கும் நல்லதில்லை.

புதுப் பாஸ்வேர்டை ஒரு கொப்பியில் எழுதி அலுமாரியில் வையுங்கள். ஆம், எழுதச் சொல்கிறேன். கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்தது இதற்கு நேர் எதிர், ஒருநாளும் எழதக் கூடாது என்று. அது பத்துப் பேர் உட்காருகிற ஒபிசுக்குச் சரி. வீட்டு அலுமாரிக்குள் எந்த ஹேக்கராலும் கை விட முடியாது. ஒரே பாஸ்வேர்டை எல்லாவற்றுக்கும் போடுவதைவிட, வேறு வேறாக எழுதி வைத்த கொப்பி எவ்வளவோ மேல். படித்த பிள்ளைகள் பிட்வோர்டன் மாதிரி ஒரு பாஸ்வேர்ட் அப் பாவிக்கலாம், அதன் இலவசப் பதிப்பே ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத் தாராளம்.

அடுத்து வட்ஸ்அப். "பயான் வகுப்புக்குப் பெயர் பதியிறோம், உங்களுக்கு ஆறு இலக்கம் வந்திருக்கும், சொல்லுங்க" என்று அழகான குரலில் ஒருவர் எடுப்பார். அந்த இலக்கத்தைச் சொன்னால் அந்த நிமிஷமே உங்கள் வட்ஸ்அப் அவர் போனில் திறக்கும். இதற்கு மருந்து வட்ஸ்அப்புக்குள்ளேயே இருக்கிறது. செட்டிங்ஸ், அதில் அக்கவுண்ட், அதில் டூ-ஸ்டெப் வெரிபிகேஷன். ஆறு இலக்கத்தில் ஒரு பின் போட்டுவிட்டால், ஓடீபீ கிடைத்தாலும் பின் இல்லாமல் அவரால் உள்ளே வர முடியாது. இலவச வீபிஎன் பத்துப் போட்டாலும் இந்த ஒரு பின்னுக்கு ஈடாகாது.

அங்கேயே "லின்க்ட் டிவைசஸ்" என்று ஒன்று இருக்கும். அதைத் திறந்து பாருங்கள். உங்கள் வட்ஸ்அப் வேறு எங்கே திறந்திருக்கிறது என்று அதில் தெரியும். இதை எழுதினால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். வெளிநாட்டில் இருக்கும் கணவரோ, நாட்டில் இருக்கும் நானாவோ, பெண்ணுக்குச் சொல்லாமல் அவளுடைய வட்ஸ்அப்பைத் தன் போனில் திறந்து வைத்திருப்பதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட வீட்டில் பார்த்திருக்கிறேன். அவளுடன் கதைத்த மற்றப் பெண்களின் இரகசியங்களையும் சேர்த்துத்தான் அவர் வாசிக்கிறார். அவர்கள் யாரும் அவருக்கு அனுமதி கொடுக்கவில்லை. அடுத்தவர் வீட்டுக்குள் ஸலாம் சொல்லி அனுமதி கேட்டு நுழையப் பழக்கப்பட்ட சமூகம் நாங்கள். இப்படி ஒரு இணைப்பைக் கண்ட சகோதரி, வீட்டில் பயம் இருந்தால் உடனே அதை வெட்டிவிட வேண்டாம். வெட்டினால் அவருக்குத் தெரிந்துவிடும். முதலில் நம்பிக்கையான ஒருவரிடம் நேரில் கதையுங்கள்.

இதே வழியில்தான் பிள்ளைகளைக் கண்காணிக்கும் அப்பும் வருகிறது. சீனக்குடாப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாய் என்னிடம் நேராகவே சொன்னார். "டீச்சர், நீங்க லேசா சொல்லிட்டுப் போயிடுவீங்க. வாப்பா வெளிநாட்டுல. நாளைக்கு ஊர்ல ஒரு கதை பரவினா பதில் சொல்றது நான்." அவருடைய பயம் பொய்யில்லை. கதை பரவினால் அந்தப் பிள்ளையின் படிப்பு நிற்கும், கல்யாணம் நிற்கும், அது எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் அந்த அப் என்ன செய்கிறது என்று பாருங்கள். உங்கள் மகளின் படங்கள், மெசேஜ்கள், அவள் நிற்கும் இடம் எல்லாவற்றையும் பிரதி எடுத்து, யாரென்றே தெரியாத ஒரு கம்பனியின் கொம்பியூட்டரில் வைக்கிறது. எம்ஸ்பை என்ற பிரபலமான அப்பிலிருந்து 2015இல், 2018இல், மறுபடி 2024இல் விபரங்கள் வெளியே கசிந்தன. ஸ்பைபோன் என்ற கம்பனி இந்தத் தொழிலையே செய்யக் கூடாது என்று 2021இல் அமெரிக்காவில் தடை போட்டார்கள். வெளியே போகக் கூடாது என்று நீங்கள் பயப்படுகிற படத்தை நீங்களே வெளியே அனுப்புகிறீர்கள். சின்னப் பிள்ளைக்கு, பதின்மூன்று வயதுக்குக் கீழ், கூகுளின் பெமிலி லின்க்கைப் பிள்ளைக்குச் சொல்லியே போடுங்கள். அது வேறு விஷயம்.

வளர்ந்த பிள்ளைக்கு வேண்டியது வேறு. ஒருவன் படத்தை வைத்து அவளை மிரட்டினால், அவள் முதலில் கணக்குப் பார்ப்பது உம்மாவிடம் சொன்னால் என்ன நடக்கும் என்றுதான். போனைப் பறிப்பார்கள், ஸ்கூலை நிறுத்துவார்கள் என்று தெரிந்தால் சொல்ல மாட்டாள். அவன் கேட்டதைக் கொடுப்பாள். மிரட்டுகிறவனின் பலமே எங்கள் கோபம்தான். "என்ன நடந்தாலும் சொல்லு, ஸ்கூலை நிறுத்த மாட்டேன்" என்று வீட்டில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறோமா? வாப்பா வெளிநாட்டில் என்றால் வீடியோ கோலில் அவரும் சொல்லட்டும். நடந்துவிட்டால் காசு கொடுக்க வேண்டாம், மெசேஜை அழிக்க வேண்டாம், ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929. பெண்களுக்கு ஹிதவதி என்றே ஒரு உதவிச் சேவை இருக்கிறது. அவர்களுக்கு ஊரில் யாருடைய பிள்ளை என்ற கதை தேவையில்லை.

வட்ஸ்அப் பின்னுக்கு ஐந்து நிமிஷம் போதும். இன்று இஷாவுக்குப் பிறகு உம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து போட்டுக் கொடுங்கள். இலக்கத்தை அவரே தெரிவு செய்யட்டும், நீங்கள் மற்றப் பக்கம் திரும்புங்கள். மூத்த மகனின் பிறந்த திகதியை மட்டும் போட வேண்டாம் என்று சொல்லுங்கள், ஊருக்கே அது தெரியும்.