சுவரில் ஒரு குடும்ப வரலாறு

நம் மலைநாட்டு வீடுகளிற் புகைப்படங்களுக்குக் குறைவில்லை. ஆயினும் அவற்றிற் பெரும்பாலானவை தகரப் பெட்டிகளின் அடியிலே, பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களோடும் பழைய கடவுச்சீட்டுகளோடும் உறங்குகின்றன. அவற்றை வெளியே கொணர்ந்து வீட்டுச் சுவரில் முறையாக அமைப்பது எங்ஙனம் என்பதை இவ்வாரம் ஆராய்வோம். இது வெறும் அலங்காரப் பேச்சன்று என்பதற்கு நமது டிக்கோயாவே சான்று பகரும்.

ஜூலியா மார்கரெட் கமரூன் என்னும் அம்மையார் 1815ஆம் ஆண்டு கல்கத்தாவிற் பிறந்தவர். நாற்பத்தெட்டாம் வயதில் மகள் பரிசாக அளித்த காமிராவைக் கொண்டு, கவிஞர் டெனிசன், அறிஞர் டார்வின் முதலியோரைப் படமெடுத்து இங்கிலாந்திற் பெரும்புகழ் எய்தினார். 1875இல் கணவருடன் இலங்கை வந்தார். 1879 ஜனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கிலுள்ள கிளென்கேர்ன் தோட்டத்தில் உயிர்நீத்தார். அவரது கல்லறையைப் பொகவந்தலாவை சென் மேரீஸ் தேவாலயத்தில் இன்றும் காணலாம்.

அவர் இலங்கையில் எடுத்த படங்களுள் முப்பதுக்கும் குறைவானவையே எஞ்சியுள்ளன. தோட்டங்களில் உழைத்த நம்மவர் முகங்களும் அவற்றுள் உள. டெனிசனின் படத்தின் கீழே டெனிசன் என்ற பெயர் உண்டு; நம்மவர் படங்களிலோ பெரும்பாலும் பெயரில்லை. அவர்கள் எவருடைய பாட்டனார், எந்த லயத்தில் வாழ்ந்தோர் என்று இன்று யாரே அறிவார்? முகம் நிலைத்தது, ஆள் மறைந்துபோயினார்.

ஆதலின் ஆணி அடிப்பதற்கு முன்னர்ச் செய்ய வேண்டுவது ஒன்றுண்டு. வீட்டிலுள்ள மூத்தோரை அருகிருத்தி, ஒவ்வொரு படத்தையும் காட்டிக் கேளுங்கள். பெயர், உறவுமுறை, தோட்டம், ஆண்டு ஆகிய நான்கையும் படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஊறி முன்புறம் கறைபடும். பென்சில் பதியாத வழவழப்புத் தாளாயின், தனிச் சீட்டில் எழுதிச் சட்டத்தின் பின்னே செருகுங்கள். பெண்களை "இன்னாரின் மனைவி" என்று எழுதி நிறுத்தாது, அவர்தம் சொந்தப் பெயரையே எழுதுங்கள்.

நம் குடும்பங்களுக்கு இது ஏனையோர்க்கினும் இன்றியமையாதது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் நம்மவரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் ஏற்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியா செல்லவும், 3,00,000 பேர் இலங்கைப் பிரசாவுரிமை பெறவும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்யவும் தீர்மானிக்கப்பட்டது. ஒரே படத்தில் தோளோடு தோள் நின்ற அண்ணனும் தங்கையும், ஒருவர் நீலகிரித் தேயிலைக் காட்டிலும் மற்றவர் டிக்கோயாவிலுமாகப் பிரிந்தனர். சில வீடுகளிற் பாட்டியாருக்கு இருக்கும் ஒரே படம், கடவுச்சீட்டுக்கென எடுத்த சிறு படமே. அதனைப் பெரிதாக்கி நடுவில் மாட்டுங்கள். கடலுக்கு அப்பாலுள்ள உறவினரிடமிருந்தும் பிரதிகள் பெறுங்கள். சட்டங்கள் பிரித்த சுற்றம் சுவரிலேனும் ஒன்றுகூடட்டும்.

இனி, அமைக்கும் முறையைக் காண்போம். மலைநாட்டிற் படங்களுக்கு முதற்பகை ஈரம். தென்மேற்குப் பருவமழை மோதும் வெளிச்சுவரைத் தவிர்த்து உட்சுவரையே தெரிவு செய்யுங்கள். அடுப்புப் புகையும் நேர்வெயிலும் படாதிருத்தல் நன்று. சட்டத்தின் பின்புற மூலைகளிற் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டினால், சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே காற்று உலாவும், பூஞ்சணம் குறையும். படம் கண்ணாடியைத் தொடலாகாது. தொட்டால் நாளடைவில் ஒட்டிக்கொள்ளும். இடையே நடுவில் வெட்டிய அட்டை ஒன்றை வையுங்கள்.

பழைய மூலப்படத்தை மாட்டாது, அதன் பிரதியையே மாட்டுவது அறிவுடைமை. மூலத்தைக் காகித உறையிலிட்டு ஈரமற்ற இடத்திற் பேணுங்கள். பொலித்தீன் உறை ஈரத்தை உள்ளடக்கி வைக்கும். ஆகவே அது வேண்டா.

பத்தடிக்குப் பன்னிரண்டடியான லயக் காம்பராவுக்குப் பத்துப் படங்கள் தாராளம். முதலிற் பாயை விரித்து அதன்மேல் அடுக்கிப் பாருங்கள். பின்னர்ப் பழைய பத்திரிகைத் தாள்களைப் படங்களின் அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டி, கண்ணுக்கு இசைந்தபின் ஆணி அடியுங்கள். தொகுதியின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ ஐந்தடி உயரத்தில் அமையட்டும். படங்களுக்கிடையே இரண்டங்குல இடைவெளி போதும். மறைந்தோர் படங்களை வாழ்வோர் படங்களோடு கலக்க மனம் ஒப்பாதவர்கள் அவற்றைத் தனி வரிசையாக மேலே வைக்கலாம். குங்குமத்தையும் சந்தனத்தையும் கண்ணாடியின்மேல் இடுங்கள், படத்தின்மேல் இடாதீர்கள்.

திருமணப் படமும் பட்டமளிப்புப் படமும் மட்டுமே சுவரை நிறைத்தல் தகாது. கூடை சுமந்து கொழுந்து பறித்த கோலமும் அங்கே இடம் பெறுதல் வேண்டும். அந்தப் பட்டத்தை வாங்கித் தந்தது அந்தக் கூடையே என்பதை இளையோர் நாள்தோறும் காணட்டும்.

படமே எடுத்துக்கொள்ளாமல் மறைந்த முன்னோர் பலர். அவர்களை விட்டுவிடலாமா? வெள்ளைத் தாளில் அவர்தம் பெயரையும் ஊரையும் அழகிய எழுத்தில் எழுதி, அதற்கும் ஒரு சட்டமிட்டு மாட்டுங்கள். மாணவர்களே, வருகின்ற விடுமுறையில் இப்பணியைத் தொடங்குங்கள். உங்கள் வீட்டுப் பாட்டியாரின் நினைவு தெளிவாக இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.