காவலும் வேகமும்

இல்லத்துப் பழைய கணினி தளர்ந்தால், உளவுநிரல் தடுப்பு மென்பொருளைக் குற்றவாளியாக்கி நீக்கிவிடுகிறோம். இது முறையன்று என்பதே நம் கருத்து. திறக்கும் கோப்பு ஒவ்வொன்றையும் அக்காவலன் சோதித்தே விடுகிறான். சுழலும் வன்தட்டும் 2 ஜிபி நினைவகமும் கொண்ட கணினிக்கு அது சுமைதான். ஆயினும், அச்சத்தால் நாம் ஒரே வாயிலில் இரு காவலரை நிறுத்துவதே பெரும்பிழை. ஒரு கோப்பு இருமுறை சோதிக்கப்படுகிறது. காவலர் தம்முள்ளும் பூசலிடுவர்.

2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் முழுமையான காவலனாக உடனுறைகிறான். வீட்டுக்கு அவனே போதும். அவனை நாளும் புதுப்பிப்போம். முழுச் சோதனையைக் கணினி ஓய்ந்திருக்கும் வேளைக்கு ஒதுக்குவோம். வேண்டாத நிரல்களை நீக்கினால் வேகமும் கூடும். வங்கிக் கணக்கின் கடவுச்சொல் களவுபோனபின், விரைந்தோடும் கணினியால் ஆவதென்ன? சற்றே பொறுத்தல் இழப்பன்று. காவலின்றி விரைதலே இழப்பு.