ஷாக் மாத்தினா சரியாகிடுமா?

பழைய காரின் முன்பக்கம் "டொக் டொக்" என்று தட்டினாலும் ஷாக்தான். ஒரு பக்கம் இறங்கி நின்றாலும் ஷாக்தான். "ஷாக் போயிருச்சு தம்பி, ஜோடியா மாத்துங்க." பலாங்கொடையோ யட்டியாந்தோட்டையோ, கராஜுக்குள் வண்டி நுழைந்ததுமே வருகிற பதில் பெரும்பாலும் இதுதான். ஜாக் வைத்துத் தூக்கிப் பார்ப்பதற்கு முன்பே வந்துவிடுகிறது. நாங்கள் சொல்ல வருவது இவ்வளவுதான்: என்ன பழுது என்று காட்டாத வேலைக்கு நாம் காசு கொடுக்கக் கூடாது.

காசுக் கணக்கு ஒன்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு மறுபடி திறந்தது. இன்றைக்கு இருக்கிற வரிக்குப் புது வண்டி தோட்டத்துக் குடும்பத்துக்கு எட்டாது. ஆகவே சன்னியும் கொரோலாவும் மாருதியும் டொல்பின் வேனும் இன்னும் பல வருஷம் ஓடியாகணும். உயிர்க் கணக்கு இன்னொன்று. ராத்திரி பிரசவ வலி வந்தால் லயத்து வாசலுக்கு வருவது அந்தப் பழைய வண்டிதான். இறக்கத்தில் அதன் முன் சில்லு மடங்கினால் என்ன ஆகும் என்று யோசிச்சுப் பாருங்க.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். வண்டியின் பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. ஆகவே முன்பக்கம் இறங்கிப்போன வண்டிக்குப் புது ஷாக் போட்டால் ஆட்டம் குறையலாம், உயரம் திரும்பி வராது. காயில் ஸ்பிரிங்கின் அடிச்சுற்று, தட்டில் தேங்கும் சேற்றில் துருப்பிடித்து முறிவதுண்டு. இரத்தினபுரி மழைக்கு இது ஆச்சரியமே இல்லை. முறிந்த துண்டு அப்படியே தட்டில் கிடந்தால் மேலோட்டமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. டொல்பின் வேனில் முன்பக்கம் காயில் இல்லை, டோர்ஷன் பார். அதை இறுக்கினால் வேன் உயரும்தான். ஆனால் தளர்ந்த பாரும் தேய்ந்த புஷ்ஷும் அப்படியே இருக்கும், எலைன்மென்டும் மாறிப்போகும்.

இறக்கத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம், அளங்க. தோட்டத்தில் சமதரை கிடைப்பது கஷ்டம். ஃபெக்டரி முற்றமோ கோயில் முன்றலோ போதும். நாலு டயருக்கும் சரியான காற்று, உள்ளே பாரம் இல்லை. வண்டியை நாலு தரம் அமுக்கிவிட்டு, சில்லின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை இரண்டு பக்கமும் டேப் வைத்துப் பாருங்க. வித்தியாசம் இருந்தாலும் அவசரப்பட வேண்டாம். பின்பக்க வலது ஸ்பிரிங் தளர்ந்தால் முன்பக்க வலதும் இறங்கி நிற்கலாம். முன் மெம்பரின் நடுவில் ஜாக் வைக்க இடம் உள்ள வண்டியை அங்கே தூக்கிப் பார்க்கலாம். அப்போதும் வண்டி சாய்ந்தே நின்றால் கோளாறு பின்னால். நேராகிவிட்டால் முன்னால்.

சத்தத்தையும் பிரித்துக் கேட்கணும். சின்னச் சின்னக் குழியில் மெதுவாகப் போகும்போது கிடுகிடுவென்று தட்டினால் முதலில் ஸ்டெபிலைசர் லிங்கைப் பாருங்க. பிரேக் பிடிக்கும்போதும் கிளப்பும்போதும் ஒரே ஒரு "டொக்" என்றால் லோவர் ஆர்ம் புஷ். நிற்கிற வண்டியில் ஸ்டியரிங் திருப்பும்போது ஸ்பிரிங் "டொய்ங்" என்று விடுபட்டால் ஷாக்கின் தலையில் இருக்கும் மவுண்ட். திருப்பிக்கொண்டே ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது "டக் டக் டக்" என்றால் அது பெரும்பாலும் சிவி ஜாயிண்ட். சஸ்பென்ஷனுக்குச் செலவழித்துப் பிரயோசனம் இல்லை.

பிறகுதான் ஜாக். ஸ்டேண்ட் இல்லாமல் அடியில் போகவே கூடாது. சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் போல் ஜாயிண்டோ பெயரிங்கோ ஆடும். இடமும் வலமும் ஆட்டினால் டை ரொட் எண்ட். இதில் தள்ளிப்போடவே கூடாதது போல் ஜாயிண்ட். அது கழன்றால் சில்லு மடங்கிவிடும், ஸ்டியரிங் கையில் இருந்தும் பயன் இல்லை. ஷாக்கின் தலை நட்டை, ஸ்பிரிங்கை அமுக்கும் கருவி இல்லாமல் யாரும் கழட்ட வேண்டாம். அமுங்கிய ஸ்பிரிங் தெறித்தால் ஆளையே அடிக்கும்.

புஷ் பற்றித் தனியாகச் சொல்லணும். 1876இல் ஹெனரத்கொடையில் வேரூன்றிய மரத்தின் பாலைத்தான் கேகாலைப் பக்கம் நம்ம ஆட்கள் விடியலில் வெட்டுகிறார்கள். புஷ்களில் இயற்கை ரப்பருக்கு இன்றும் பெரிய இடம் உண்டு. அந்த ரப்பருக்கு மினரல் ஒயில் ஆகாது. ஊறி உப்பி மெதுவாகிவிடும். அப்படியிருக்க, கீச்சுச் சத்தத்துக்குப் பழைய எஞ்சின் ஒயிலை அடியில் அடிப்பது எந்த வகை வைத்தியம்? அதே போல, சில்லு தொங்கும்போதே ஆர்ம் போல்ட்டைக் கடைசிவரை இறுக்கினால், வண்டி தரையில் நின்றதும் புஷ் முறுகியே இருக்கும், சீக்கிரம் கிழியும். கடைசி இறுக்கு வண்டி தன் பாரத்தில் நிற்கும்போதுதான்.

இத்தனையும் செய்தாலும் ரோடு நம்மை விடாது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபைப் பணம் செலவழிக்கத் தடை என்று நீண்டகாலம் சொல்லப்பட்டது. 2018இல் அது திருத்தப்பட்டது. இனி "சட்டம் இடம் தராது" என்ற பதிலை ஏற்க வேண்டியதில்லை. எந்த டிவிஷன் ரோட்டுக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று சபை உறுப்பினரிடம் கேட்பதும் சஸ்பென்ஷன் வேலையில் ஒரு பகுதிதான்.

கராஜில் வேலை செய்பவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்களில் நம்ம பையன்களும் இருக்கிறார்கள். நல்ல கருவி இல்லாமல், பாகங்களின் பெயரைச் சிங்களத்திலும் இங்கிலீஷிலும் காதால் கேட்டே தொழில் பழகியவர்கள். தமிழில் இதைப் பேசவும் எழுதவும் தொடங்கினால் அவர்களுக்கும் நல்லது, கேள்வி கேட்கத் தயங்குகிற வண்டிக்காரருக்கும் நல்லது. அடுத்த முறை "ஷாக் போயிருச்சு" என்று சொன்னால் மரியாதையாகவே கேளுங்க: "சரி பாஸ், எங்க ஆடுதுன்னு ஒருக்கா ஆட்டிக் காட்டுங்க." காட்டுகிறவரிடம் வண்டியை விடுங்க.